ராக்பாக்ஸ் ஓடும் ஐபாட்

சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் பழைய ஐபாடை மேசை டிராயரில் போட்டு மறந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் ராக்பாக்ஸ் ஏற்றிப் பாருங்கள். 2001இல் ஆர்க்கோஸ் நிறுவனத்தின் எம்பி3 கருவிகளுக்காகத் தொடங்கிய இலவச மென்பொருள். ஐடியூன்ஸ் வேண்டாம், இளையராஜா பாட்டுகளைக் கோப்புறையோடு அப்படியே நகலெடுத்தால் பாடும், ஃபிளாக் கோப்பாக இருந்தாலும்.

ஐபாட் மக்கர் செய்யும்போதுதான் ராக்பாக்ஸின் அருமை தெரிகிறது. திரை உறைந்துவிட்டதா? மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். மறுபடி எழும்போதே ஹோல்டு சுவிட்சைத் தள்ளினால், ஆப்பிளின் சொந்த மென்பொருள் வந்து நிற்கும். ராக்பாக்ஸ் அதை அழிப்பதில்லை. எவ்வளவு பெருந்தன்மை! பாட்டுப் பட்டியல் குழம்பினால் டேட்டாபேஸைப் புதிதாக உருவாக்கலாம். உள்ளே 'டிக் டிக்' என்றால் மட்டும் மென்பொருளை நோகாதீர்கள். பெரும்பாலும் வன்தட்டுதான் போயிருக்கும். அந்த இடத்தில் அடாப்டரோடு எஸ்டி கார்டு பொருத்திவிடலாம்.