கதையா, கட்டுரையா? பொருநைக் கரையின் வாசிப்பு வழக்கு

திருநெல்வேலி என்றதும் இலக்கிய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது கதைதான். புதுமைப்பித்தன், வண்ணதாசன், வண்ணநிலவன் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பொருநை என்னும் தாமிரபரணியின் கரைக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

தமிழுக்கு 1955இல் கிடைத்த முதல் விருதே ராஜவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரைத் தொகுப்புக்குத்தான். 1962இல் மீ.ப. சோமுவின் பயண நூலான 'அக்கரைச் சீமையிலே', 1965இல் தென்திருப்பேரை பி.ஸ்ரீ. எழுதிய 'ஸ்ரீ ராமாநுஜர்' வாழ்க்கை வரலாறு, 1978இல் வல்லிக்கண்ணனின் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்', 1983இல் தொ.மு.சி. ரகுநாதனின் 'பாரதி: காலமும் கருத்தும்', 2000இல் தி.க. சிவசங்கரனின் 'விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள்'. ஆறும் அபுனைவு. புனைவுக்குக் கிடைத்தவற்றில் சு. சமுத்திரத்தின் 'வேரில் பழுத்த பலா' (1990), தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்து நெல்லையில் குடியேறிய தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' (1997), வண்ணதாசனின் 'ஒரு சிறு இசை' (2016) ஆகியவை அடங்கும்.

வடக்கே கரிசலுக்குப் போனால் நிலைமை வேறு. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன் ஆகிய நால்வருமே கதைக்குத்தான் விருது வாங்கினார்கள். மானாவாரி மண் கதை சொல்ல, ஆற்றுப் பாசன மண் கட்டுரை எழுதியதோ என்றுகூடத் தோன்றும்.

விருதுப் பட்டியல் நடுவர்களின் ரசனையைக் காட்டுமே தவிர, ஊராரின் ரசனையைக் காட்டாது என்று யாரும் மறுக்கலாம். நியாயம்தான். அகாதெமி தொடங்குவதற்கு முன்பே, 1948இல், புதுமைப்பித்தன் காலமாகிவிட்டார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலுக்கும் அந்த விருது வரவில்லை. ஆனாலும் பட்டியலை ஒதுக்கிவிட முடியாது. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்கள் கம்பன் பாட்டை வரிவரியாகச் சுவைத்துப் பேசினார்கள். பாளையங்கோட்டையில் பேராசிரியர் நா. வானமாமலை 1960களின் கடைசியில் நெல்லை ஆய்வுக்குழுவைக் கூட்டி, 'ஆராய்ச்சி' இதழையும் நடத்தினார். படித்ததைப் பேசிப் பார்ப்பதும், பேசியதை எழுதி வைப்பதும் இந்தக் கரையின் பழைய பழக்கம். கட்டுரைக்கான வாசகர்களைத் தயார் செய்தது அதுதான் என்பது என் எண்ணம்.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி

டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் இந்த இரண்டு ரசனைகளும் ஒரே வீட்டில் குடியிருந்தன. தந்தை தி.க. சிவசங்கரன் (தி.க.சி.) விமர்சகர், 'தாமரை' இதழின் ஆசிரியராக இருந்தவர். புதிதாக எழுத வந்தவர் எந்த ஊரில் இருந்தாலும் அவரது அஞ்சலட்டை தேடிப் போய்விடும். மகன் வண்ணதாசன் சிறுகதைக்காரர், கல்யாண்ஜி என்ற பெயரில் கவிஞர். தந்தை ஒரு படைப்பில் சமூகம் எங்கே நிற்கிறது என்று தேடினார். மகனின் கதையிலோ ஒருவர் கதவைத் திறக்கும் விதமும் தண்ணீர் தரும் விதமுமே போதுமானவை.

இரண்டும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரியும். ஆனால் மகன் எழுதிய கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று தனி நூலாகி, கதைக்கு இணையாக வாசிக்கப்படுகின்றன. அபுனைவாளர் என்று விருதுப் பட்டியல் சொல்லும் வல்லிக்கண்ணனும் ரகுநாதனும் முதலில் கதைக்காரர்கள். கைத்தறி நெசவாளர் வாழ்வை 'பஞ்சும் பசியும்' நாவலாக்கிய அதே ரகுநாதன்தான், தன் நண்பரைப் பற்றி 1951இல் 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதினார். புதுமைப்பித்தனும் கதையோடு நிற்கவில்லை. முசோலினியைப் பற்றி 'பேஸிஸ்ட் ஜடாமுனி' எழுதியவரும் அவரே. எழுதியவர்கள் தாண்டிப்போன வேலியை வாசகர்கள்தான் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம்.

பொய்யிலும் சாட்சி இருக்கிறது

"கதை படித்து என்ன லாபம், விஷயமுள்ள புத்தகமாகப் படி" என்று சொல்லும் பெரியவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு நான் முத்துப்பட்டன் கதையைக் காட்டுவேன். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டனுக்கு வழிபாடு உண்டு. ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் நெரியும். பட்டன் பிராமணன். சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா சகோதரிகளை மணந்துகொண்டு, மாமனாரின் தொழிலையும் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். வில்லுப்பாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவந்த இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார்.

அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று சில பாடங்களில் ஒரு கிளைக்கதை வருகிறது. அது பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது என்று காட்டினார் நா.வா. இந்த இடத்தில்தான் புனைவின் மதிப்பு தெரிகிறது. கிளைக்கதை பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இந்தக் கல்யாணத்தைச் சீரணிக்க முடியாத ஒரு சமூகம் இருந்தது என்பது மெய். எந்தச் செப்பேடும் இதைச் சொல்லாது. அதே சமயம், ஓர் ஆராய்ச்சியாளர் பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் கதை மட்டும் இதை நமக்குச் சொல்லியிருக்காது.

மலையேறிப் போனவர்கள்

தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றையும் இப்படி இரட்டை வரிசையில்தான் படிக்கவேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களின் கதை. நெல்லைச் சீமை வாசவன்பட்டியிலிருந்து மருதியை அது இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறது. டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவல் நெல்லைச் சிற்றூர் ஒன்றிலிருந்து கங்காணியை நம்பி ஆனைமலைக்குப் போன குடும்பத்தைப் பின்தொடர்கிறது. தோட்டத் தொழிலாளரோடு மருத்துவராகவும் தொழிற்சங்கத்தவராகவும் பழகியவர் டேனியல். நாவல் என்று பெயர் இருந்தாலும் அது சாட்சியமும்தான்.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டார்கள். மாரி செல்வராஜ் தன் சிறுகதைத் தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்தார். 'மறக்கவே நினைக்கிறேன்' தொடரில் சொந்த வாழ்வைத் தன்வரலாறாகவும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், ஒரே மனிதர் எதைக் கதைக்குள் வைத்தார், எதை நேராகச் சொன்னார் என்று பார்க்கலாம். வாசிப்பில் இதைவிடப் பெரிய பயிற்சி இல்லை.

கட்டுரைக்குத் திரும்பும் காலம்

உலக அளவிலும் கதைக்கும் கட்டுரைக்கும் இடையிலான கோடு மங்கிவருகிறது. வாய்மொழிச் சாட்சியங்களைத் தொகுத்த ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சுக்கு 2015இல் இலக்கிய நோபல் கிடைத்தது. நெல்லையில் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தவர் தொ. பரமசிவன். அவரது 'அறியப்படாத தமிழகம்' உப்பையும் எண்ணெயையும் தாலியையும் சிறுசிறு கட்டுரைகளில் விளக்கியது. ஒவ்வொன்றும் ஊர்க்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலவே இருப்பதால், கதை மட்டுமே படிப்பவர்களும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது கிடைத்தது. வ.உ.சி. கைதானதும் கொதித்தெழுந்த ஊரையும், துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களையும் ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்த ஆய்வு அது. புதுமைப்பித்தன் கதைகளுக்குச் செம்பதிப்பு கொண்டுவந்தவரும் அவரே.

என் தீர்ப்பு இதுதான்: நெல்லையின் நல்ல கட்டுரைகளில் கதை இருக்கிறது, நல்ல கதைகளில் ஆவணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் படிப்பவருக்குப் பாதி ஊர்தான் தெரியும். ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மேலே அடுக்கிய நெல்லை எழுத்தாளர்களில் ஒரு பெண்கூட இல்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் வாழ்க்கையை அவர்களே எழுதிய புத்தகங்கள் நமக்கு வேண்டும். கதையாக வந்தாலும் சரி, தன்வரலாறாக வந்தாலும் சரி. எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எழுதுபவர் யாரையாவது தெரிந்தால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.