நிறுத்தி வைத்த தறி

எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இரண்டு ஓவியங்கள் தந்தாள். இரண்டும் அவள் அம்மாவைப் பற்றியவை. ஒன்று யதார்த்தமாக இருக்க வேண்டும், மற்றது அரூபமாக இருக்க வேண்டும், செய்த விதத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. ஓவியங்களைப் பார்த்தவர்கள் பலர். அந்த நான்கு பக்கத்தைப் பிழை திருத்துவதற்காகப் படித்தவள் நான் ஒருத்திதான். ஒற்றுப்பிழைகளைச் சுழித்துக்கொண்டே போன பேனா இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் தொகையும் வரக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

சோமனூர்ப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஓடுவது கூலித்தறி. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவார். நெய்த காடாத் துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி சொந்தம், துணி சொந்தமில்லை. தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, நான்கு தறிகளுக்கு நடுவே இரவுவரை நடப்பது எல்லாம் பெண்கள் செய்தாலும் தறிக்காரர் என்றால் ஆணைத்தான் சொல்வார்கள்.

முதல் ஓவியம் பென்சிலில் வரைந்தது. தறியில் கை வைத்து நிற்கும் அம்மா. செல்போனில் எடுத்த படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சார்ட்டில் பெரிதாக்கி வரைந்திருக்கிறாள். சேலை மடிப்பு, மூக்குத்தியின் ஒளி, கன்னத்து நிழல் எல்லாம் கச்சிதம். "அப்படியே இருக்குதே!" என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன். பரிசும் அதற்குத்தான்.

அந்தப் படம் எடுத்த கதை குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தறி ஓடும்போது அம்மா ஓரிடத்தில் நிற்பதில்லை. எடுத்த படமெல்லாம் கலங்கிப்போனது. கடைசியில் அம்மா தறியை நிறுத்தினார். நைட்டியை மாற்றிச் சேலை கட்டினார், தலை சீவினார், முடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார், பொட்டு வைத்தார், பிறகு தறியில் கை வைத்து நின்றார். பத்து நிமிடம் துணி ஓடவில்லை என்றும் எழுதியிருக்கிறாள். நாங்கள் யதார்த்தம் என்று மெச்சியது நிறுத்தி வைத்த தறியை. வேலையே இல்லாத ஒரு கணத்தை வேலையின் படம் என்று நம்பியிருக்கிறோம்.

அதற்காக அந்த ஓவியத்தைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். தான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று அந்த அம்மா எடுத்த முடிவு அதில் இருக்கிறது. பஞ்சு படிந்த தலையோடு வரைந்திருந்தால் நம்மைப் போன்ற வாசகர்களுக்குக் கூடுதல் 'யதார்த்தமாக' இருந்திருக்கும். அந்த ஆசை யாருடையது என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

குறையாக நான் சொல்வது அவள் மொழியை. இந்தப் பகுதியில் தியாகம், தெய்வம், மெழுகுவர்த்தி எல்லாம் வரிசையாக வருகின்றன. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நாங்கள் கற்றுக்கொடுத்த சொற்கள்தாம். அரூப ஓவியத்தைப் பற்றி எழுதும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே சுற்றினாள், அறுந்தது, எண்ணினேன், விட்டுவிட்டேன் என்று வெறும் வினைச்சொற்கள். அந்த ஓவியத்துக்குக் கடன் வாங்க அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. அதனால் தன் சொல்லில் எழுதியிருக்கிறாள்.

அந்த இரண்டாவது ஓவியம் வெறும் கோடுகள். அம்மாவின் மீட்டர் நோட்டிலிருந்து 2025 ஜனவரி முதல் ஜூன் வரையான கணக்கை எடுத்து, நாளுக்கு ஒரு கோடு, பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுப்பு மையில் இழுத்திருக்கிறாள். மின்தடை நாளில் கோடு குட்டை. பாவு வராத நாளில் கோடு இல்லை. நடுவில் ஒரு கையகலத்துக்கு வெறும் வெள்ளை. கூலி உயர்வு கேட்டு மார்ச், ஏப்ரலில் ஒரு மாதத்துக்கு மேல் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றன அல்லவா, அந்த வெள்ளை. பார்க்க வந்த ஒருவர், "என்னம்மா, சேலைக் கரை டிசைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உழைப்பை எப்படி வரைவது என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த மாதிரி மெரினாவின் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. பாறையைப் பெயர்க்கும் நான்கு பேரும் ஆண்கள். புடைத்த தசைதான் உழைப்பின் அடையாளம். தார் சுற்றும் விரலுக்கு அப்படித் தசை புடைக்காது. சௌத்ரிக்குப் பின் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். எழுத்து, எண், ஜாதகக் கட்டம் போன்றவை திரையெங்கும் வரும். ஆனால் வாசிக்க முடியாது, வாசிப்பதற்காக எழுதியவையும் அல்ல. 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் வழியாக அந்தப் போக்கு தென்னாட்டு நவீன ஓவியத்தின் முகமானது. அவரிடம் படித்த டி.கே. பத்மினி பெண்ணுருவத்தைக் கைவிடாமல், அதை நிழல் போட்டு அழகுபடுத்தாமல், தடித்த கோடுகளால் வரைந்துகொண்டிருந்தார். 1969இல், முப்பது வயதாகும் முன்பே பிரசவத்தில் இறந்துபோனார்.

என் மாணவி இவர்கள் யாரையும் அறியாள். அவள் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தவர் நஸ்ரீன் முகமதி. 1937இல் கராச்சியில் பிறந்தவர், 1970களிலிருந்து பரோடாவில் கற்பித்தவர். காகிதத்தில் மையால் மெல்லிய இணைகோடுகள், தலைப்பில்லாத ஓவியங்கள். தறியில் விரிந்த பாவு இழைகளை ஒளிப்படமும் எடுத்திருக்கிறார். நரம்பு நோயால் கை அடங்காமல் போன கடைசி ஆண்டுகளிலும் வரைகருவிகளைக் கொண்டு அந்தக் கோடுகளை நேராக இழுத்தார், 1990இல் இறந்தார். அவர் ஓவியங்களை விமர்சகர்கள் பெரும்பாலும் தியானம், வெளி, சூன்யம் என்றே பேசுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர் ஒளிப்படத்தில் உள்ள பாவைப் பிணைத்த கை யாருடையது என்று கேட்க அந்தச் சொற்களில் இடமில்லை.

சோமனூர்க் கோடுகளில் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. பணிக்கரின் எண்களைப் போலன்றி இவற்றை வாசிக்கலாம், வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால். கண்காட்சிக்கு வந்த அம்மா கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து பிப்ரவரியில் நிறுத்தினார். "இங்க ஒரு நாள் விட்டுப்போச்சு கண்ணு." நோட்டைப் புரட்டிப் பார்த்தால், ஆமாம், இரண்டு பக்கம் சேர்த்துத் திரும்பியதில் ஒரு நாள் விடுபட்டிருந்தது. அரூப ஓவியம் மக்களுக்குப் புரியாது என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன்.

விடுபட்டது அந்த ஒரு நாள் மட்டுமல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்றிய கை இவளுடையது; தம்பி டியூஷனுக்குப் போனபோது இவள் தார் சுற்றினாள் என்று குறிப்பிலேயே ஓர் அரைவரி வருகிறது. அந்த வேலைக்கு நோட்டில் பதிவு இல்லை, அதனால் ஓவியத்திலும் கோடு இல்லை. கணக்கை நம்பி வரைந்தால் கணக்கில் ஏறாதது போய்விடும். அந்த அரைவரியை அவள் ஒரு பக்கமாக எழுதியிருக்க வேண்டும். இதைச் சொன்னபோது, "அதெல்லாம் எல்லா ஊட்லயும் செய்யறதுதானுங்க மேடம்" என்றாள்.

அம்மாவின் கோபம் வேறு. பெரிய ஓவியம், எல்லோரும் பார்க்கும் முகம், அதில் அவருக்குச் சங்கடமே இல்லை. கோடுகளைத்தான் கழற்றச் சொன்னார். "என்ற மூஞ்சிய மாட்டுனாப் பரவால்லீங்க. ஊட்டுக் கூலிக் கணக்கக் கொண்டாந்து செவுத்துல மாட்டலாமுங்களா?" அடையாளத்தை மறைக்கும் வடிவம் என்றுதான் வகுப்பில் நாங்கள் அரூபத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். யதார்த்த ஓவியத்தில் சேலையும் பொட்டும் காத்த மானத்தைக் கோடுகள் காக்கவில்லை. தறி ஓடாத மாதத்தில் அந்த வீடு எப்படிச் சாப்பிட்டது என்பது வரை அவை காட்டிக்கொடுத்துவிட்டன. பார்வையாளர்களுக்கு அது சேலைக் கரையாகத் தெரிந்ததால் அவர் தப்பித்தார்.

மகள் கழற்றவில்லை. 'அம்மாவின் நோட்டு' என்று எழுதி ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை மட்டும் கிழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'தலைப்பு இல்லை' என்று எழுதினாள். கண்காட்சி முடிந்தபின் பென்சில் ஓவியம் சட்டம் போட்டு முன்னறையில் தொங்குகிறது. கோடுகள் சுருட்டிப் பீரோ மேல் கிடக்கின்றன. விடுபட்ட பிப்ரவரி நாளை ஓரத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள்.