பாவை பேசும் தமிழ்: கேரளத் தோல்பாவைக்கூத்தில் பாட்டும் உரையும்

1. கூத்தும் மொழியும்

கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில், பாரதப்புழையை ஒட்டிய ஊர்களின் பத்திரகாளி கோயில்களில் சனவரி முதல் மே வரையிலான திங்கள்களில் தோல்பாவைக்கூத்து நிகழ்ந்து வருகின்றது. ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என ஊர் வழக்கிற்கும் நேர்ச்சைக்கும் ஏற்ப இரவுகளின் எண்ணிக்கை அமையும். கோயிலை நோக்கிக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில், ஏறத்தாழ 42 அடி நீளமுள்ள திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் எரியும் 21 விளக்குகளின் ஒளியில் தோற்பாவைகள் இயங்குகின்றன. இராவண வதம் நிகழ்ந்தபோது தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் காளி அதனைக் காண இயலவில்லை. அவள் காண்பதற்கென்றே இக்கூத்து ஆடப்படுகின்றது என்பது மரபு. எனவே மாடத்தின் முன் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து விடியும் வரை நிற்பதில்லை.

இக்கூத்தில் பாடப்படுவன பெரும்பாலும் கம்பராமாயணப் பாடல்களே. மலையாளத்தில் துஞ்சத்து எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் 16ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிக் கற்கடகத் திங்களில் வீடுதோறும் ஓதப்படும் நூலாக நிலைபெற்றது. ஆயினும் பாவைக்கூத்து அதன்பால் செல்லாமல் தமிழ் விருத்தங்களையே பற்றி நின்றது. பாவை ஆட்டுவோர் 'புலவர்' என்னும் பட்டத்தால் வழங்கப்பெறுகின்றனர். இப்பட்டம் பாவையை அசைக்கும் கைத்திறனைக் குறிப்பதன்று. பாட்டிற்குப் பொருள் உரைக்கும் கல்வியைக் குறிப்பது.

இக்கூத்தைப் பதிவு செய்வோரும், மொழிபெயர்ப்போரும், மேடைக்கு மாற்றியமைப்போரும் பாவையையும் பாட்டையும் காக்க முனைந்த அளவிற்கு உரையைக் காக்க முனையவில்லை. கூத்தின் உயிர்நிலையோ அவ்வுரையிலேயே உள்ளது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. உரையின் இயல்பு

ஒரு விருத்தம் பாடப்பெற்றதும் அதன் உரை தொடங்குகின்றது. சொற்களைப் பிரித்தல், பொருள் கூறல், அதனோடு இயைந்த புராணக் கதைகளை விரித்தல், ஐயம் எழுப்பி விடை காணல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தமிழ் உரையாசிரியர்கள் ஏட்டில் செய்த பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை என்பனவற்றைப் புலவர்கள் வாய்மொழியாகச் செய்கின்றனர் எனலாம். உரையின் மொழி தமிழும் மலையாளமும் விரவியது, வடசொற்களும் மிகுந்தது.

ஏட்டுரைக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் போன்ற உரையாசிரியர் பாட்டிற்கு வெளியே நின்று பொருள் கூறுவார். பாவைக்கூத்திலோ கதைமாந்தரே பெரும்பாலும் உரைகாரர். இராமன் கூற்றாக வரும் பாட்டிற்கு இராமனாகிய பாவையே பொருள் விரிக்கின்றது. இலக்குவனாகிய பாவை குறுக்கிட்டு வினவுகின்றது. உரை உரையாடலாகின்றது.

இதன் பொருட்டுப் பாட்டின் சொற்களும் சிற்சில இடங்களில் மாறுகின்றன. கவிக்கூற்றாகப் படர்க்கையில் அமைந்த பாடல், மாந்தர் கூற்றாகத் தன்மைக்கோ முன்னிலைக்கோ மாற்றப்படுகின்றது. இம்மாற்றத்திற்கு விருத்த யாப்பே இடந்தருவது மொழியியலார் நோக்கத்தக்கது. எதுகை அடியின் முதற்சீரில் நிற்பது. வினைமுற்று பெரும்பாலும் அடியின் இறுதியில் நிற்பது. 'என்றான்' என்பது 'என்றேன்' என மாறினாலும் சீர் தேமாவாகவே நிற்கும். எதுகைக்கு ஊறு நேராது. 'ஆன்' விகுதியின் இடத்தில் 'ஏன்' விகுதி வந்த அளவில் காப்பியப் பாட்டு நாடகப் பாட்டாகிவிடுகின்றது.

3. விகுதியும் பாவையும்

இங்கு மற்றொரு வினா எழுகின்றது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்ட ஒன்று. அவன் சொன்னாலும் நான் சொன்னாலும் 'பறஞ்ஞு' என்பதே வடிவம். வேறுபாட்டைப் பெயரே காட்ட வேண்டும். இராமகதையின் யுத்தகாண்டத்தைப் பாடும் பழைய நூலாகிய இராமசரிதத்தில் இவ்விகுதிகள் காணப்படுகின்றன. அந்நூலின் மொழி தமிழா, பழைய மலையாளமா என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். இன்றைய மலையாளச் செவிக்கோ 'ஆன்', 'ஏன்' என்னும் வேறுபாடு தானே புலப்படுவதன்று.

அவ்வாறாயின், விகுதி மாற்றத்தால் விளைந்த நாடகப் பண்பு கேட்போர்க்கு எவ்வாறு எட்டுகின்றது? இருவழிகளில் எனலாம். முதலாவது, திரையில் அசையும் பாவை. பேசும் பாவையின் கை அசைகின்றது. பிற பாவைகள் அசைவற்று நிற்கின்றன. வினைமுற்றின் விகுதி காட்ட வேண்டிய இடத்தைப் பாவையின் கை காட்டிவிடுகின்றது. இரண்டாவது, பாட்டைத் தொடரும் உரை. அது யார், யாரிடம், எதன் பொருட்டுச் சொன்னது என்பதைப் பெயர் கூறி விளக்குகின்றது. ஆகவே ஒரு மொழியின் உருபன் செய்த வேலையை வேறொரு மொழிச் சூழலில் உருவமும் உரையும் பகிர்ந்துகொள்கின்றன. மொழிபெயர்ப்பு என்னும் பெயர் பெறாமலே வழிவழியாக நிகழ்ந்துவரும் மொழிபெயர்ப்பு இது.

4. பதிப்பு, மொழிபெயர்ப்பு, மேடை

இவ்வியல்பை மனத்திற்கொண்டு, கூத்து பிற வடிவங்களுக்கு மாற்றப்படும் முறைகளை மதிப்பிடலாம்.

முதலாவது, அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுத் திருத்தும் போக்கு. கூத்தில் ஒலிக்கும் பாட்டைக் கம்பன் பதிப்புகளோடு ஒத்துநோக்குவது தேவையான பணியே. ஆனால் வேறுபாடு அனைத்தையும் 'பிழை' எனக் கொண்டு பதிப்புப் பாடத்தை அவ்விடத்தில் அமைத்துவிட்டால், மேலே காட்டிய விகுதி மாற்றம் ஏட்டினின்றே மறைந்துவிடும். இதற்கு மறுதலையாக, கூத்துப் பாடம் அனைத்தும் பழம்பாடம் எனப் போற்றுவதும் பொருந்தாது. மலையாள ஒலிப்பால் திரிந்தவை, நினைவுப் பிசகால் விளைந்தவை, நாடகத் தேவைக்காக மாற்றப்பட்டவை, உண்மையான பாடவேறுபாடுகள் என நான்கையும் வகைப்படுத்திக் காண்பதே முறை. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் இலக்குவனால் மடியும் நிகழ்ச்சி கூத்தில் விரிவாக இடம்பெறுகின்றது. கம்பனில் அது இல்லை. இத்தகைய பகுதிகளை 'இடைச்செருகல்' என ஒதுக்கினால் கூத்தின் கதைப்போக்கே பொருளற்றதாகும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. 1996இல் வெளிவந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் ஆங்கில நூல் இத்துறையில் தலையாயது. கூத்தைப் பாவைகளின் அழகால் மட்டும் அளவிடாமல் புலவர்களின் பேச்சை மையமாக வைத்ததும், பார்வையாளர் இல்லாத நிலையில் புலவர்கள் ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்வதையே கூத்தின் இயக்கமாகக் கண்டதும் அந்நூலின் சிறப்புகள். எனினும் ஆங்கிலமாகிய ஒரு மொழியே செய்யுள் தமிழையும் கலப்பு மொழி உரையையும் சுமக்க வேண்டியதாகின்றது. பாட்டிற்கும் உரைக்கும் இடையிலுள்ள மொழித்தொலைவு, அதாவது உரை ஏன் தேவைப்பட்டது என்பதற்கான காரணம், ஆங்கில வாசகர்க்கு விளக்கத்தால் தெரியுமேயன்றி நடையால் தெரியாது. இதை மொழிபெயர்ப்பாளரின் குறையாகக் கருதுவதற்கில்லை. மூலத்தில் இரு மொழிகள் ஒன்றையொன்று மொழிபெயர்க்கும்போது மூன்றாம் மொழி எதிர்கொள்ளும் இடர் அது. தமிழிலோ மலையாளத்திலோ பெயர்ப்பவர்க்கும் இவ்விடர் உண்டு. தமிழாக்கத்தில் உரை தேவையற்ற மிகையாகத் தோன்றும்; மலையாளமாக்கத்தில் பாட்டு தன் அயன்மையை இழக்கும்.

மூன்றாவது, மேடை. கூத்துமாடத்திற்கு வெளியே, விழா அரங்குகளில் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவில் இக்கலை நிகழ்த்தப்படுகின்றது. பல இரவுகளின் கதை சில காட்சிகளாகச் சுருங்குகின்றது. இம்மாற்றத்தை இழிவாக நோக்குவது நேர்மையாகாது. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரும் அவர்தம் குடும்பத்தாரும் கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டு சென்றமையாலேயே அது பரவலாக அறியப்பட்டது; அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கூத்துமாடத்தினுள் ஆட்டுவோராக இடம்பெறாதிருந்த பெண்களும் மேடை நிகழ்ச்சிகளில் பாவையாட்டுவோராயினர். இவை உண்மையான ஆக்கங்கள்.

ஆயினும் சுருக்கத்தின்போது எது முதலில் நீக்கப்படுகின்றது என்பது வினவத்தக்கது. போர்க்காட்சி நீக்கப்படுவதில்லை, பாவையின் அழகு நீக்கப்படுவதில்லை, அடையாளத்திற்காகச் சில விருத்தங்களும் எஞ்சுகின்றன. நீக்கப்படுவது உரையே. உரை நீங்கியபின் பாட்டு, பொருள் விளங்காத தொன்மை ஒலியாக நிற்கின்றது. அந்நிலையில் தமிழைக் கைவிட்டு முழுவதும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கதை கூறுவதே எளிதென அடுத்த தலைமுறை முடிவு செய்தால், அதனைக் குற்றம் கூற இயலாது. விருத்தத்தை இத்தனை தலைமுறைகளாகத் தாங்கியது அதற்குப் பொருள் உரைத்த பழக்கமாகும்; வெறும் மனப்பாடம் அன்று.

5. முடிவுரை

கூத்துப் பதிவுகள் மூன்று கூறுகளை ஒருங்கே கொள்ள வேண்டும்: பாடப்பட்டவாறே பாட்டு, பேசப்பட்டவாறே, மொழிக்கலப்பைத் தூய்மைப்படுத்தாத உரை, ஒவ்வொரு கூற்றின்போதும் திரையில் இயங்கிய பாவை எது என்னும் குறிப்பு. மூன்றாவது கூறு இல்லாத எழுத்துப்படி, விகுதி இழந்த வினைமுற்றைப் போன்றது. பேசியவர் யார் எனக் காட்டாது. மேடை அமைப்போர் பத்துக் காட்சிகளுக்கு மாற்றாக ஒரே ஒரு விருத்தத்தையும் அதன் முழு உரையாடலையும் ஒரு மணி நேரத்தில் நிகழ்த்திப் பார்க்கலாம். கதை குறையும், கூத்தின் இயல்பு விளங்கும்.

கம்பனை ஆராய்வோர்க்கு இது நாட்டார் கலை. நாட்டாரியலார்க்கு இது செவ்விலக்கியச் சார்புடையது. மலையாள ஆய்வாளர்க்கு இது தமிழ். தமிழ் ஆய்வாளர்க்கு இது கேரளம். இந்நான்கு எல்லைகளுக்கும் நடுவே புலவர்கள் உரைத்து வந்த உரை, உரைப்போர் உள்ளபோதே எழுத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் வருதல் இன்றியமையாதது.