நல்ல கருவி, அறுந்த தொடர்

1999-2000இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55ஆம் சுற்று வினாத்தாளில், உணவுப் பகுதியில் இரண்டு பத்திகள் ஒட்டி ஒட்டி நின்றன. ஒன்று கடந்த 7 நாள் நுகர்வுக்கு. மற்றது 30 நாள் நுகர்வுக்கு. இரண்டையும் ஒரே குடும்பத்திடம், ஒரே அமர்வில் கேட்டு நிரப்ப வேண்டும். வாரத்துக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று சொல்லி முடித்த பெண்மணி, மாதக் கணக்கு கேட்கும்போது நினைவைத் துழாவுவாரா, நான்கால் பெருக்குவாரா? பெருக்கத்தான் செய்வார். அவர் செய்யாவிட்டால் எதிரே உட்கார்ந்திருக்கும் களப்பணியாளரின் கை செய்யும். இரண்டு பத்தியும் ஒத்துவராவிட்டால் மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தானே. 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாகக் குறைந்தது என்று அந்தச் சுற்றை வைத்து அறிவித்தார்கள். அந்தக் குறைவில் ஒரு பங்கு இந்தப் பெருக்கலுக்கு உரியது.

இது பழைய வழக்கு, வாசகர்கள் அறிந்தது. அதே குறை 2022-23இன் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் வேறு உருவில் திரும்பியிருக்கிறது என்பதாலேயே மீண்டும் எடுக்கிறேன்.

எந்த ஆய்வையும் எடைபோடும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரைத் தேர்ந்தோம் என்பது ஒன்று. அவரிடம் எப்படிக் கேட்டோம் என்பது மற்றொன்று. முதலாவதில் இந்திய மரபு யாருக்கும் இளைத்ததல்ல. வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் நடத்திய சணல் ஆய்வுகளில், முழுக் கணக்கெடுப்பு தந்த எண்ணைவிட மாதிரி தந்த எண்ணே வணிகப் புள்ளிவிவரங்களுக்கு நெருங்கி வந்தது, அதுவும் செலவில் ஒரு சிறு பங்குக்கு. விளைச்சலை அளக்க அறுக்கும் துண்டு நிலம் சிறியதாக இருந்தால் அளவு மிகையாகும் என்று மற்றொரு புள்ளியியலாளர் சுகாத்மே எதிர்வாதம் வைத்தார். அந்தச் சண்டையிலும் முறைதான் கூர்மைப்பட்டது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இவ்வளவையும் மூலதனமாகக் கொண்டே வந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் சோறு நம்மோடு பேசுவதில்லை, மறப்பதுமில்லை. குடும்பம் இரண்டையும் செய்யும். தேர்விலிருந்து எழும் பிழையை வாய்பாட்டால் அளந்துவிடலாம். கேள்வியிலிருந்து எழும் பிழைக்கு வாய்பாடு கிடையாது. அதை அறிய ஒரே வழி, இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு விதமாகக் கேட்டு, விடைகளை ஒப்பிடுவது. ஒரே மக்கள்தொகையில் ஒன்றோடொன்று ஊடுருவிய துணை மாதிரிகளை எடுத்துத் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்த மகலனோபிஸ் கற்பித்ததும் இதுதான்.

51 முதல் 54 வரையிலான சுற்றுகள் இந்தப் பாடத்தை மதித்தன. எழுந்தமானமாகப் பிரித்த குடும்பங்களில் ஒரு பாதியிடம் பழைய 30 நாள் வினாத்தாள். மறுபாதியிடம் உணவுக்கு 7 நாள், ஆடை போன்ற அரிய செலவுகளுக்கு 365 நாள் என்று மாற்றிய வினாத்தாள். வினாத்தாளை மாற்றியதால் மட்டுமே ஏழைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதிர்ச்சியான முடிவுதான், ஆனால் நேர்மையாகப் பெற்ற முடிவு. அடுத்து வந்த 55ஆம் சுற்று, பிரித்து வைக்க வேண்டிய இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துச் சோதனையையே குலைத்தது. கேட்கும் முறை மாறாத எரிபொருள் போன்ற பொருள்களைப் பிடித்துக்கொண்டு பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் பின்னர் கணக்கைத் திருத்தினார். ஊரக வறுமை 27.1 விழுக்காடு அல்ல, 30.2 என்றார். திறமையான மருத்துவம்தான். நோயை வருவித்துக்கொண்டது நாம்.

குறுகிய காலத்தைக் கேட்டால் விடை தானாகத் துல்லியப்படும் என்று ஒரு நம்பிக்கை புழக்கத்தில் உண்டு. அது பாதி உண்மை. நீண்ட காலத்தைக் கேட்டால் மறதி விழுங்கும். குறுகிய காலத்தைக் கேட்டால் எட்டாம் நாள் வாங்கியதும் ஏழுக்குள் புகுந்துகொள்ளும். 1950களிலேயே அரிசி போன்ற தானியங்களை எடைபோட்டுச் சரிபார்த்தபோது மாதக் கணக்கே உண்மைக்கு நெருங்கி நின்றது. மாதம் ஒருமுறை மூட்டையாக வாங்கும் அரிசி நினைவில் நிற்கும். போன மாதம் எத்தனை கத்திரிக்காய் என்றால் யாருக்கு நிற்கும்? ஆகவே அரிசிக்கும் பருப்புக்கும் 30 நாள், காய்கறிக்கும் மீனுக்கும் 7 நாள், துணிமணிக்கு 365 நாள் என்று பிற்பாடு வந்த கலப்பு முறை கருத்தளவில் குறையில்லாதது. 2011-12இல் அதை நடைமுறைப்படுத்திய விதமும் அப்படியே. பழைய வகை வினாத்தாள் ஒரு லட்சத்துச் சொச்சம் குடும்பங்களுக்கு, புதிய வகை வேறொரு லட்சத்துச் சொச்சம் குடும்பங்களுக்கு. இரண்டு கரைக்கும் நடுவே பாலம் இருந்தது. இந்தத் தொடரின் உச்சம் அதுவே என்பேன்.

2017-18 சுற்றைப் பற்றி விரித்துச் சொல்ல ஏதுமில்லை. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு அதைக் கைவிட்டது. தரவு மோசமாகவே இருந்திருக்கலாம். வெளியிட்டிருந்தால் நாமும் எடைபோட்டிருப்போம்.

இனி 2022-23. கருவியாக இது முந்தைய எல்லாவற்றையும்விட மேலானது. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். 2011-12இல் 347 பொருள்களையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். கொத்தமல்லி விதையிலிருந்து கட்டில்வரை விடை சொல்லிக் களைத்தவர் கடைசிப் பக்கங்களில் ‘இல்லை, இல்லை’ என்று தள்ளிவிடுவது களத்தில் யாரும் காண்பது. இப்போது 405 பொருள்கள். ஆனால் உணவு, அன்றாடப் பொருள்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருள்கள் என மூன்று வினாத்தாள்கள், மாதம் ஒன்றாக மூன்று வருகைகள், தாளுக்குப் பதில் கைக்கணினி. விலையில்லாமல் கிடைத்த அரிசி, மடிக்கணினி, மிதிவண்டி ஆகியவற்றையும் கேட்டு, அவற்றின் மதிப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்குகளை வெளியிட்டார்கள். எந்தக் கணக்கு சரி என்ற தீர்ப்பை வாசகரிடமே விட்டது பாராட்டத்தக்க அடக்கம்.

குறை எங்கே? வருகைகளின் எண்ணிக்கை மாறியது. பொருள்பட்டியல் மாறியது. ஊரில் வைத்திருக்கும் நிலத்தையும் நகரில் வைத்திருக்கும் காரையும் கொண்டு குடும்பங்களை அடுக்குகளாகப் பிரிக்கும் முறையும் புதிது. ஒவ்வொன்றும் தனித்தனியே திருத்தமே. எல்லாம் ஒரே சுற்றில், ஒப்பிட ஒரு துணை மாதிரியும் இல்லாமல் வந்ததுதான் தவறு. ஊரகத்தில் தலைக்கு மாதச் செலவு 1,430 ரூபாயிலிருந்து 3,773 ஆனது. நகரத்தில் 2,630இலிருந்து 6,459. விலைவாசியைக் கழித்த பிறகும் எஞ்சும் உயர்வில் வாழ்க்கை தந்தது எவ்வளவு, கேட்ட விதம் தந்தது எவ்வளவு? இந்த ஆய்வுக்குள் விடை கிடையாது.

புதிய எண் உண்மைக்கு நெருக்கமானது, பிறகு என்ன குறை என்று ஆதரிப்போர் கேட்கிறார்கள். தேசியக் கணக்குகளின் நுகர்வோடு ஒப்பிட்டால் மாதிரி ஆய்வு வெகுகாலமாகப் பின்தங்கியே வந்தது, உண்மைதான். ஆனால் புதிய தராசு சரியானது என்பதாலேயே பழைய தராசில் நிறுத்த எடையோடு அதைக் கழித்து, பிள்ளை இத்தனை கிலோ ஏறினான் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கழித்தலை அப்படியே வைத்து வறுமை வீழ்ந்த கதை எழுதுவோர் 55ஆம் சுற்றின் பாடத்தைப் படிக்காதவர்கள். குறையவில்லை என்று அடித்துச் சொல்வோரும் படிக்கவில்லை.

2022-23ஐ அதே முறையில் நடந்த 2023-24உடன் ஒப்பிடலாம், தாராளமாக. அந்த ஆண்டில் ஊரகம் 4,122, நகரம் 6,996. 2011-12உடன் நேராக ஒப்பிடும் எந்தக் கட்டுரையையும் ஐயத்தோடு படியுங்கள். 2022-23இல் ஆய்வாளர்கள் ஏறிய வீடுகள் 2,61,746. அவற்றில் ஒன்றின் கதவைக்கூடப் பழைய வினாத்தாளோடு யாரும் தட்டவில்லை.