மணிமேகலை எங்கே?

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் 2023இல் வெளிவந்தது. படம் முடிந்த பிறகும் நான் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்: கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை. இரண்டு பாகங்களிலும் அவள் இல்லை.

ஐந்து பாக நாவலை இரண்டு படங்களில் அடக்கும்போது சிலர் விடுபடுவார்கள், புரிகிறது. குந்தவையும் நந்தினியும் இல்லாமல் அரியணைக் கதை நகராது. மணிமேகலையின் காதலால் அங்கே எதுவும் மாறாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் வந்தியத்தேவனைக் காப்பாற்ற, ஆதித்த கரிகாலனைக் கொன்றது தானே என்று சொல்லத் துணிந்தவள் அவள். பட்டாபிஷேகம் முடிந்த பிறகும் கதையை நீட்டி, அவளுடைய மரணத்தில்தான் கல்கி நாவலை நிறுத்துகிறார்.

பள்ளி நாட்களில் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்து அழுதேன். பின்னாளில் கல்கியோடு சண்டை வந்தது. இவ்வளவு துணிந்தவளைச் சித்தம் கலங்கவைத்து, அவன் மடியில் சாகவைப்பதுதான் அவளுக்குச் செய்யும் மரியாதையா? திரைப்படம் அந்த முடிவை மாற்றி எழுதியிருக்கலாம், அவளையே எடுத்துவிட்டது. கல்கியோடு சண்டை போட அவள் நாவலில் இருந்தாள். படத்தை மட்டும் பார்த்த மாணவிக்கு, இப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.