தாய்ப்பார்: விஞ்ஞானியர் வரலாற்றிலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானியரின் வாழ்க்கை வரலாறுகள் தமிழிற் பல வெளிவந்துள்ளன. பாடசாலை நூலகங்களில் அவற்றைப் பயிலாத மாணவர் சிலரே. இவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வறிய இளமை, தளராத உழைப்பு, திடீரென வெளிப்படும் உண்மை, இறுதியிற் பெரும்புகழ் என்னும் நான்கு படிகளில் அவை முடிந்துவிடுகின்றன. இவ்வமைப்பில் விஞ்ஞானியின் பிழைக்கு இடமில்லை. அவருக்குச் செய்தி கூறி வழிகாட்டிய எளியோருக்கும் இடமில்லை. இவ்விரண்டையும் நீக்கியபின் எஞ்சுவது விஞ்ஞானத்தின் வரலாறாகுமா? இவ்வினாவுக்கு விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து கற்பிட்டி, காரைதீவு, குதிரைமலை வழியாக மன்னார்க் கரை நோக்கி நீளும் நமது கடலே தக்க சான்று தருகின்றது.

முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது பழைய தமிழ் வழக்கு. சிலாபம் என்னும் ஊர்ப்பெயர் அச்சொல்லின் திரிபே என்பாரும் உளர். கடலடியிற் சிப்பி பற்றி வளரும் கற்றரை ‘பார்’ எனப்பட்டது. சிலாபப் பார், காரைதீவுப் பார், முத்துவராத்துப் பார், சேவல் பார், பெரிய பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. கண்ணுக்குத் தோன்றாத நிலப்பரப்பைப் பாகக் கணக்கில் அளந்து, எல்லை வகுத்துப் பெயரிட்டோர் சுழியோடிகளும் அவர்களை வழிநடத்திய அடப்பனாரும் ஆவர். பிற்காலத்து ஆங்கில அறிக்கைகள் இப்பெயர்களையே எழுத்துப் பெயர்த்துக் கையாண்டன. ஆகவே இக்கடலின் முதற் படம் தமிழ்ப் பெயர்களாலேயே வரையப்பட்டிருந்தது எனலாம்.

இக்கடலை விஞ்ஞான நோக்கில் ஆராய்ந்த முன்னோடி எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் ஆவார். 1819ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த இவர் படை மருத்துவராகப் பணியாற்றியவர். 1852ஆம் ஆண்டில் இலங்கை விலங்குகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டவர். முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயும் பணியை அரசு இவரிடம் ஒப்படைத்தது. சிப்பி தன் பற்றுநூலை விடுத்து நகர்ந்து மீண்டும் வேறிடத்திற் பற்றக்கூடியது என்பதை இவர் கண்டறிந்து 1857ஆம் ஆண்டில் அறிக்கையிட்டார். சிப்பியின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்புண்டு என்ற கருத்தையும் வெளியிட்டார். ஆயின் ஆய்வு நிறைவுறுமுன் 1860ஆம் ஆண்டிற் கடற் பயணத்தின்போது காலமானார். புகழ் என்னும் நான்காம் படியை எட்டாத இவ்வாழ்க்கை நமது வரலாற்று நூல்களுள் நுழையாததில் வியப்பில்லை.

கெலார்ட் விட்டுச்சென்ற வினா நாற்பதாண்டுகளின் பின் மீண்டும் எழுந்தது. 1891ஆம் ஆண்டுக்குப் பின்னர் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறாது போகவே, அரசு விஞ்ஞானத்தின் துணையை நாடியது. லிவர்பூற் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்தார். உடன் வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹோர்னல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இதன் பயனாக 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. இலண்டன் ரோயல் சங்கம் வெளியிட்ட இத்தொகுதியில் கடற்பஞ்சு முதலான உயிரினங்கள் பற்றிப் பல அறிஞர் எழுதிய துணைக் கட்டுரைகள் 40க்கு மேலாக இடம்பெற்றன.

இவ்வறிக்கையை இலக்கியமாகவும் வாசித்தல் கூடும். அதன் சிறந்த பகுதி பெரிய பார் பற்றியது. 1880ஆம் ஆண்டிலிருந்து குறைந்தது பதினொரு தடவை இப்பாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் நிறைந்திருந்தும், ஒரு முறையேனும் அங்கு முத்துக்குளிப்பு நிகழவில்லை என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து ஹெர்ட்மன் எடுத்துக்காட்டுகிறார். 1902ஆம் ஆண்டு மார்ச்சில் அவரே நேரிற் கண்ட இளஞ்சிப்பிகள் அவ்வாண்டு நவம்பரில் ஹோர்னல் சென்று பார்த்தபோது மறைந்திருந்தன. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை வாரிச் சென்றிருந்தது. கண்டதைக் கண்டவாறு கூறி, ஆண்டுகளை நிரல்படுத்திக் காரணத்தை உய்த்துணரும் இப்பகுதியின் நடை இன்றும் மாணவர்க்கு முன்மாதிரியாகத்தக்கது.

ஆயினும் குறை காணவேண்டிய இடமும் இதுவே. பெரிய பாரைச் சுழியோடிகள் ‘தாய்ப்பார்’ என வழங்கினர். இங்கு பிறக்கும் குஞ்சுச் சிப்பிகளே ஏனைய பார்களுக்குச் செல்கின்றன என்பது அவர்தம் நம்பிக்கை. பேராசிரியர் இதனை ஏற்கவில்லை. அது தாயன்று, குஞ்சுகள் மாளும் இடமே என்பது அவர் முடிவு. அம்முடிவு சரியானதே. ஆனால் அடுத்து அவர் கூறும் பரிந்துரை யாது? பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை மாளுமுன் அள்ளி, கரையை அடுத்த பாதுகாப்பான பார்களிற் கொண்டுசென்று விதைக்க வேண்டும் என்பதே. சுழியோடிகள் இயற்கையின் செயல் என நம்பியதை மனிதர் கையாற் செய்விக்கும் திட்டமல்லவா இது? தாய்ப்பார் என்ற பெயரை மறுத்தவர் அப்பெயரின் பொருளை நிறைவேற்றவே முயன்றார். ஆண்டுதோறும் அங்கே குஞ்சு பெருகுவதைத் தலைமுறை தலைமுறையாக நோக்கியோர் இட்ட பெயர் அது. விளக்கம் தவறாயினும் நோக்கல் பிழையன்று. இவ்வேறுபாட்டை அறிக்கை உணர்த்தவில்லை.

பேராசிரியரின் விளக்கமும் பிழைக்குத் தப்பவில்லை என்பதை அடுத்து நோக்குவோம். சிறந்த முத்துக்களின் கருவில் நாடாப்புழுவின் இளம் பருவம் உள்ளது என்று ஹெர்ட்மனும் ஹோர்னலும் கருதினர். அப்புழு சிப்பியிலிருந்து அதனை உண்ணும் கிளாத்தி, திருக்கை முதலிய மீன்களுக்குச் சென்று முதிர்கின்றது என ஒரு வாழ்க்கை வட்டமும் வகுக்கப்பட்டது. ஷிப்லியும் ஹோர்னலும் அப்புழுவுக்கு முத்தாக்கி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரே சூட்டினர். ஆனால் 1912ஆம் ஆண்டில் லிஸ்டர் ஜேம்சன் இக்கொள்கையை வன்மையாக மறுத்தார். சிப்பியோட்டைச் சுரக்கும் தோற்படலத்தின் உயிரணுக்கள் உடலினுட் பைபோல அமையும்போது அப்பையினுள் முத்து விளைகின்றது. உள்ளே புழு இருத்தல் இன்றியமையாததன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஜப்பானியர் அப்படலத்தின் சிறு துண்டை மணியொன்றுடன் சிப்பியுட் பொருத்தி உருண்டை முத்துக்களை விளைவித்தமை பை பற்றிய கருத்தை உறுதிப்படுத்தியது. நமது எதிர்க்கரையான தூத்துக்குடியில் கே. அழகர்சாமி 1973ஆம் ஆண்டில் இம்முறையில் முத்து விளைவித்து வெற்றி கண்டார்.

கெலார்ட்டின் ஐயம் ஹெர்ட்மனின் கொள்கையாயிற்று. அக்கொள்கையின் வீழ்ச்சி செயற்கை முத்தின் விளக்கத்துக்கு இடந்தந்தது. இவருள் எவரை நீக்கினும் இவ்வரலாறு முறிந்துவிடும். பிழையை மறைத்து எழுதப்படும் வரலாறு எவ்வளவு வறியது என்பது இதனாற் புலப்படும்.

அறிவுக்கு நேர்ந்த பிழை ஒன்று. வாழ்வுக்கு நேர்ந்த இழப்பு வேறொன்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டில் அரசு பார்களை ஆண்டுக்கு 310,000 ரூபா குத்தகைக்கு இருபது ஆண்டுகளுக்கு ஒரு கும்பனியிடம் ஒப்படைத்தது. 1907ஆம் ஆண்டுக்குப் பின்னர் பார்கள் வெறுமையாயின, சிப்பி பெயர்த்து விதைத்தலும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை, கும்பனி கலைந்தது. 1925ஆம் ஆண்டுக்குப் பின்னர் முன்போன்ற பெருஞ்சலாபம் இக்கரையில் நிகழவேயில்லை. பேராசிரியரின் புகழுக்கு இதனாற் குறைவு நேரவில்லை. அவர் 1920ஆம் ஆண்டிற் பிரித்தானிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். 1923ஆம் ஆண்டிற் கடலியலின் நிறுவுநர்களது வாழ்வையும் பணியையும் கூறும் நூலொன்றை எழுதினார். எட்வர்ட் போர்ப்ஸ், வைவில் தொம்சன், ஜோன் மறே முதலியோர் அதிற் போற்றப்பட்டுள்ளனர். கல்லைக் காலிற் பிணைத்து மூச்சடக்கிப் பாரின் மாதிரிச் சிப்பிகளை மேலே கொணர்ந்தோரது வாழ்வை எழுத இத்தகைய நூலொன்று இன்றுவரை தோன்றவில்லை.

இவ்விடத்தில் ஹோர்னலின் பிற்கால வாழ்க்கை சிந்தனைக்குரியது. சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்திற் பணியாற்றி அதன் இயக்குநராக உயர்ந்த அவர், 1914ஆம் ஆண்டில் இந்தியச் சங்கு பற்றியும், 1920ஆம் ஆண்டில் இந்தியப் படகமைப்புகள் பற்றியும், 1946ஆம் ஆண்டில் உலக மக்களின் நீர்ப்போக்குவரத்துச் சாதனங்கள் பற்றியும் நூல்கள் எழுதினார். சிப்பியில் தொடங்கியவர் வள்ளத்துக்கும் அதனைக் கட்டிய கைக்கும் வந்து சேர்ந்தார். பேராசிரியர் சில மாதங்களிற் பெறாத ஒன்றை நெடுங்காலம் கரையோர மக்களிடையே வாழ்ந்த உதவியாளர் பெற்றார் என்று கொள்வதில் தவறில்லை.

நம்மவர் செய்ததையும் மறைக்காது கூறவேண்டும். கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் ஆங்கில நூலை 1859ஆம் ஆண்டில் வெளியிட்டார். கெலார்ட் முத்துச்சிப்பியை ஆராய்ந்த ஆண்டுகள் அவை. இருவரும் 1860ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். சிதறிக்கிடந்த புலவர் வாழ்க்கைகளைத் தேடித் தொகுத்த அப்பெருமகனின் பணி என்றும் போற்றத்தக்கது. ஆனால் அவர் திறந்த வழியிற் சென்ற நாம் பாடியவரை மட்டுமே வரலாற்றுக்குரியவராகக் கொண்டோம். கடலின் அடியை அறிந்தவரைக் கல்வியாளர் என எண்ணவில்லை. அடப்பனாரின் பெயர்களை அந்நியர் மறந்தனர் என்று குறைகூறுமுன், நாமே அவற்றைக் கேட்டு எழுதினோமா என்று நம்மை வினவிக்கொள்ள வேண்டும்.

இவ்வினா பழங்கதை பற்றியது மட்டுமன்று. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் திட்டு 1992ஆம் ஆண்டிற் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டிற் கடல்நீர் வெப்பமுற்றபோது அதன் பவளங்களுட் பெரும்பகுதி வெளிறி மாண்டது. இன்றும் அங்கு ஆய்வாளர் வருகின்றனர். இன்றும் அவர்களை வள்ளத்தில் ஏற்றிச் சென்று இடங்காட்டுவோர் மீனவரே. நாளை இவ்வாய்வாளரின் வாழ்க்கையை எழுதப்போகும் தமிழ் மாணவன், அவர் எதனைக் கண்டார் என்பதோடு எங்கே பிழைத்தார், அவருக்கு வழிகாட்டியவர் யார் என்பவற்றையும் கேட்டறிந்து எழுதுவானாக. அவ்வாறு எழுதப்படும் நூலே தாய்ப்பார் என்ற பெயரை இட்டோருக்கும் அதனை மறுத்தோருக்கும் ஒருங்கே நீதி செய்வதாகும்.