செவியும் எண்ணும்

இசையின் உண்மைக்கு அளவுகோல் எண்ணா, செவியா? கி. மு. 4ஆம் நூற்றாண்டிலே இவ்வினாவுக்குத் துணிந்து விடை பகர்ந்தவர் தரெந்தும் நகரத்து அரிஸ்டொக்ஸீனஸ். இசைவாணர் ஒருவரின் மைந்தர், அரிஸ்டோட்டிலின் மாணாக்கர். அவர் இயற்றியனவாகக் கூறப்படும் 453 நூல்களுட் பெரும்பாலன அழிந்தொழிந்தன. 'இசையியல் மூலங்கள்' என்னும் நூலின் பகுதிகள் எஞ்சியுள்ளமை நமது பேறேயாகும்.

தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். 3:2, 4:3 என்னும் விகிதங்கள் வேறு இயைபான சுரங்களைத் தரும். பைதகரஸ் வழியினர் போற்றிய இவ்வுண்மை மகத்தானது. ஆயின், எண்ணே உலகின் சாரமெனக் கொண்டோர் நாளடைவில் எண்ணை அரியணையேற்றிச் செவியைக் கீழே தள்ளினர். 9:8 என்னும் முழுச்சுர இடைவெளியை முழுவெண் விகிதங்களாற் சரிபாதியாக்கல் இயலாது. இதனை நிறுவிய ஆர்க்கித்தாஸும் தரெந்தும் நகரத்தவரே. எனவே, சரியான அரைச்சுரம் என ஒன்றில்லை என்பது எண்ணாளர் துணிபு.

அரிஸ்டொக்ஸீனஸ் இதனை ஏற்றிலர். செவிக்குப் புலனாவதை விடுத்து விகிதங்களை ஆராய்தல் பொருளுக்குப் புறம்பானது என்றார். சுர இடைவெளியைச் செவி உணரும். அது இசையில் ஆற்றும் பணியை அறிவு தெளியும். பிறக்கும் ஒலியைப் புலன் பற்ற, கடந்த ஒலியை நினைவு காக்க, இவ்விரண்டாலுமே இசை விளங்கும் என்பது அவர் கொள்கை. இசையைக் குறியீட்டில் எழுதத் தெரிவது இசையறிவாகாது எனவும் வற்புறுத்தினார். எண்ணுலகிற் சிறைப்பட்ட இசையை மனித அனுபவத்துக்கு மீட்டளித்த நெறி இது.

ஆயினும், அவரிடத்தே ஒரு முரண்பாட்டையும் நாம் காண்கின்றோம். பொசைதோனியா நகரத்துக் கிரேக்கர் அந்நியராட்சியில் தம் மொழியையும் வழக்கங்களையும் இழந்தனர். ஆண்டுக்கொரு விழாவிற் கூடிப் பழம் பெயர்களை நினைந்து அழுதனர். அரங்குகள் சீரழிந்து, பொதுமக்களின் இசை கெட்டுவிட்ட தம் காலத்தில், தாமும் தம்மையொத்த சிலரும் அவ்வாறே பண்டைய இசையை நினைந்து வருந்துவதாக அவர் கூறினார். இழப்பின் துயர் மெய்யானது. அதனை நாம் எள்ளுவதற்கில்லை. ஆனால், அரங்கிற் கூடிய ஆயிரவர்க்கும் செவியுண்டன்றோ? அவர்கள் புதிய இசையை ஏன் விரும்பினர் என ஆராயாது, அதனைச் சீரழிவென்று ஒதுக்கிவிட்டார்.

செவியே சான்றெனக் கண்டவர், யாருடைய செவி என வினவவில்லை. வரட்டு விதிகளிலிருந்து கலையை மீட்பது திறனாய்வின் முதற்பணி. மீட்டதனைச் சிலரின் தனியுடைமையாக்காமை அதனினும் அரிய பணி. முன்னையதில் அரிஸ்டொக்ஸீனஸ் நமக்கு ஆசான், பின்னையதில் எச்சரிக்கை.